இஜ்திஹாத் கதவும் காணாமல் போன கணவன்மார்களும்

பிப்ரவரி 4 (ஒரு வாசகரின் கேள்வி)

"இஜ்திஹாதின், அதாவது குர்ஆன் ஹதீஸை அறிஞர் தானே ஆய்ந்து சட்டம் சொல்வதன், வாசல் பத்தாம் நூற்றாண்டோடு மூடப்பட்டுவிட்டது. பிறகு வந்த எகிப்தின் முஹம்மது அப்துஹு, கவிஞர் இக்பால் எல்லாரும் பூட்டிய கதவைத் தட்டிவிட்டுப் போனவர்கள். இஸ்லாமியச் சீர்திருத்தம் என்பது புத்தகத்தில் மட்டும் இருக்கிற சங்கதி. ஒரு சாதாரண முஸ்லிம் குடும்பத்துக்குள் அது கொண்டுவந்த மாற்றம் ஏதாவது உண்டா? ஒன்றே ஒன்று காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன்."

பிப்ரவரி 4, இரவு

ஒன்று போதுமா? 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம்.

கணவன் நான்கு ஆண்டுகளாக எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. இரண்டு ஆண்டுகளாகச் செலவுக்குக் கொடுக்கவில்லை. ஏழு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை. அடி, உதை, கொடுமை. இதில் எது இருந்தாலும் மனைவி நீதிமன்றத்துக்குப் போய்த் திருமணத்தை முறித்துக்கொள்ளலாம். இந்தியாவின் பெரும்பான்மை முஸ்லிம்கள் ஹனஃபி மத்ஹபுக்காரர்கள் (மத்ஹப் என்றால் சட்டப் பள்ளி; மாலிக்கி, ஷாஃபி என்று வேறு மத்ஹபுகளும் உண்டு). அந்த மத்ஹபின் வழக்கமான தீர்ப்புப்படி கணவன் ஆண்மையற்றவன் என்பது போன்ற காரணம் தவிர, கணவன் சம்மதம் இல்லாமல் பெண் தானாகக் கேட்டு வெளியே வருவதற்கு வழி கிடையாது. கணவன் காணாமல் போனால் அவன் வயதை ஒத்தவர்கள் எல்லாம் இறந்து முடியும் காலம்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு அவனுடைய தொண்ணூறு வயது என்று ஒரு கணக்கும் உண்டு.

தொண்ணூறு வயது நான்கு ஆண்டாகக் குறைந்திருக்கிறது. இது புத்தகத்தில் மட்டும் இருக்கிற சங்கதி இல்லை.

அந்த நான்கு ஆண்டு யார் கண்டுபிடித்தது என்றும் கேளுங்கள். கோட்டு சூட்டு போட்ட நவீனவாதிகள் யாரும் இல்லை. மாலிக்கி மத்ஹபில் நூற்றாண்டுகளாக இருந்த தீர்ப்பு அது. அதை ஹனஃபி வீட்டுக்குள் கொண்டுவந்தவர் தேவ்பந்த் மதரஸா மரபில் வந்த, பழமைவாதி என்று எல்லாரும் சொல்கிற மௌலானா அஷ்ரஃப் அலி தானவி.

பிப்ரவரி 5

கதவு பற்றி. "மூடப்பட்டது" என்று எல்லாரும் சொல்கிறோம். எந்தச் சபை கூடி, எந்த ஊரில் மூடியது என்று யாரும் காட்டுவதில்லை. இஸ்லாமியச் சட்ட வரலாற்றாசிரியர் வாஇல் ஹல்லாக் 1984இல் இதையே கேள்வியாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். சட்ட நூல்களைப் புரட்டிப் பார்த்து, கதவு நடைமுறையிலும் மூடவில்லை, கொள்கையிலும் மூடவில்லை என்றார். அதை மறுத்தவர்களும் உண்டு, சரி. ஆனால் 1505இல் இறந்த எகிப்திய அறிஞர் சுயூத்தி, தான் இஜ்திஹாத் செய்யும் தகுதி உடையவன் என்று சொல்லி, அதற்காகவே கெய்ரோவில் சக ஆலிம்களிடம் (மார்க்க அறிஞர்களிடம்) வாங்கிக் கட்டிக்கொண்டவர். பத்தாம் நூற்றாண்டில் பூட்டிய கதவுக்குப் பதினைந்தாம் நூற்றாண்டில் எதற்குச் சண்டை?

எனக்கு இந்தக் கதவுப் பேச்சிலேயே ஆர்வம் குறைவு. கதவு திறந்ததா என்று கேட்பதைவிட, உள்ளே மாட்டிக்கொண்டது யார், அவர் என்ன செய்தார் என்று கேட்டால் கதை நகரும்.

பிப்ரவரி 7

நேற்று ஒருவர், "தானவிக்கு ஏன் திடீரென்று இரக்கம் வந்தது?" என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. இரக்கம் மட்டும் காரணம் இல்லை.

பஞ்சாபில் நடந்தது இது. கொடுமைக்காரக் கணவனிடமிருந்தோ காணாமல் போன கணவனிடமிருந்தோ விடுபட முடியாத பெண்கள் ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். ஹனஃபி சட்டப்படி கணவனோ மனைவியோ இஸ்லாத்தை விட்டு வெளியேறினால் நிக்காஹ் அந்தக் கணமே முறிந்துவிடும். ஆகவே நான் கிறிஸ்தவளாகிவிட்டேன் என்று நீதிமன்றத்தில் சொன்னால் போதும். ஆங்கிலேய நீதிபதி ஹிதாயா என்ற ஹனஃபி சட்ட நூலின் மொழிபெயர்ப்பைப் புரட்டி, ஆமாம், திருமணம் முறிந்தது என்று தீர்ப்பெழுதிவிடுவார். மதரஸாவில் ஒரு நாளும் உட்காராத பெண்கள், ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) நூலின் ஒரு வரியை எடுத்துத் தங்களுக்குச் சாவியாக்கிக்கொண்டார்கள். கதவு, கதவு என்கிறோமே, இதற்கு என்ன பெயர் வைப்பது?

இக்பால் இதைப் பார்த்தார். இஜ்திஹாத் பற்றிய உரையில் பஞ்சாபின் இந்த வழக்குகளை நேராகவே சொல்கிறார். அங்கே அவர் துணைக்கு அழைப்பது மேற்கத்தியச் சிந்தனையாளர் யாரையும் இல்லை. 1388இல் இறந்த கிரனாடா அறிஞர் ஷாத்திபியை. மார்க்கம், உயிர், அறிவு, பொருள், சந்ததி ஆகிய ஐந்தையும் காப்பதே ஷரீஅத்தின் நோக்கம் என்றவர் ஷாத்திபி. அப்படியானால் மதம் மாறுவது பற்றி ஹிதாயா சொல்லும் விதி இந்த நாட்டில் மார்க்கத்தைக் காக்கிறதா என்று இக்பால் கேட்கிறார். கேட்டார், விட்டுவிட்டார். பதில் சொல்லும் பொறுப்பு ஃபத்வா கொடுக்கிற முஃப்திகளின் மேசைக்குப் போனது.

தானவியே முன்பு, மதம் மாறினால் நிக்காஹ் முறியும் என்று ஃபத்வா கொடுத்தவர். 1930களின் தொடக்கத்தில் அதை மாற்றி முழு நூலே எழுதினார். அதற்காக அரேபியாவின் ஹிஜாஸில் இருந்த மாலிக்கி முஃப்திகளுக்குக் கடிதம் போட்டுத் தீர்ப்புகளை வரவழைத்தார். நூலின் அரபுப் பெயரிலேயே "கதியற்ற மனைவி" இருக்கிறாள். இரண்டு வேலைகளை ஒன்றாகச் செய்தார்: மதம் மாறினால் முறியும் என்ற சந்துவழியை அடைத்தார், மாலிக்கி தீர்ப்புகளைக் கொண்டு முன்வாசலைத் திறந்தார். சந்துவழியை மட்டும் அடைத்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. அதுதான் எனக்கு அவர்மேல் மரியாதை.

பிப்ரவரி 7, பிற்பகல்

அவசரத் திருத்தம், எனக்கில்லை, கீழே எழுதிய நண்பருக்கு. "இக்பால் இஜ்திஹாத் உரையை நம்ம மெட்ராஸில்தான் நிகழ்த்தினார்" என்று பெருமையோடு போட்டிருக்கிறீர்கள். பெருமையில் பாதியைக் குறைக்க வேண்டியிருக்கிறது. 1929 ஜனவரியில் மெட்ராஸில் அவர் வாசித்தவை மூன்று உரைகள்: சமய அனுபவமும் அறிவும், அதன் தத்துவச் சோதனை, இறைவன் பற்றிய கருத்தும் தொழுகையின் பொருளும். இஜ்திஹாத் உரையின் முதல் வடிவத்தை 1924 டிசம்பரிலேயே லாகூரில் படித்துவிட்டார். 1930இல் ஆறு உரைகளும் ஒரே நூலாக வந்ததால் எல்லாமே மெட்ராஸ் கணக்கில் சேர்ந்துவிட்டது.

மீதிப் பாதிப் பெருமையை வைத்துக்கொள்ளுங்கள், அது நியாயமானதுதான். அழைத்ததும் செலவு செய்ததும் மெட்ராஸ் தோல் வணிகர் ஜமால் முஹம்மது. இக்பாலுக்கு முன்பே 1925இல் மார்க்க அறிஞர் சையத் சுலைமான் நத்வியும், 1927இல் ஆங்கிலேய முஸ்லிம் எழுத்தாளர் பிக்தாலும் இதே மெட்ராஸ் மேடையில் பேசினார்கள். ஒரு தோல் மண்டி முதலாளியின் காசில் நான்கைந்து ஆண்டுகளுக்குள் இத்தனை பேர்! இன்றைக்கு அந்தக் காசு கல்யாண மண்டபமாகிறது. சரி, புலம்பலை நிறுத்துகிறேன்.

பிப்ரவரி 9

"உங்கள் வீட்டில் இந்தச் சட்டம் யாருக்காவது உதவியதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உதவவில்லை. உதவியிருக்க வேண்டும்.

நாங்கள் ராவுத்தர்கள், ஹனஃபி. என் நன்னியின் (பாட்டியின்) தங்கையைச் சின்ன நன்னி என்போம். அவர் கணவர் ரங்கூனில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதினார். ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு, 1942இல் ஆயிரக்கணக்கானோர் காட்டுவழியாக நடந்து வந்தார்களே, அந்தக் கூட்டத்தில் கிளம்பியதாகச் சிலர் சொன்னார்கள். கிளம்பவே இல்லை என்றும் சிலர் சொன்னார்கள். வந்து சேரவில்லை என்பது மட்டும் உறுதி. சின்ன நன்னிக்கு அப்போது இருபது வயதுகூட இல்லை.

மறுமணப் பேச்சு வந்தது. ஊர் ஹஜரத்திடம் (பள்ளிவாசல் ஆலிமிடம்) கேட்டார்கள். "மையித்துச் செய்தி (சாவுச் செய்தி) வரட்டும்" என்றாராம். அவர் கெட்டவர் இல்லை. படித்த கிதாபில் உள்ளதைச் சொன்னார். அந்தச் சமயம் 1939 சட்டம் நடைமுறைக்கு வந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. 1946 வாக்கில் ஒரு மனு போட்டிருந்தால் முடிந்திருக்கும். சட்டம் இருக்கிறது என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் ராவுத்தர் வீட்டுப் பெண் கோர்ட்டுப் படியேறுவதா என்றிருப்பார்கள்.

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், கோர்ட்டே தேவைப்பட்டிருக்காது. தானவி மாலிக்கிகளிடமிருந்து எடுத்த இன்னொரு விதி உண்டு. முஸ்லிம் காஜி (மார்க்க நீதிபதி) இல்லாத நாட்டில், ஊரில் உள்ள மார்க்கம் அறிந்த நேர்மையான சிலர் சபையாகக் கூடி காஜியின் இடத்தில் இருந்து தீர்ப்புச் சொல்லலாம். எங்கள் ஊர் ஜமாஅத்தார் நினைத்திருந்தால் பள்ளிவாசல் திண்ணையிலேயே முடித்திருக்கலாம். நினைக்கவில்லை. சின்ன நன்னி கோரைப் பாய் முடைந்தே காலத்தைத் தள்ளினார். நான் பிறந்தபோது அவர் கிழவி. கணவரைப் பற்றிப் பேசும்போது அப்போதும் நிகழ்காலத்தில்தான் பேசுவார்: "அவுக கோபக்காரர்" என்று.

ஆகவே கேள்வி கேட்டவரே, உங்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. சட்டம் மாறியது, கிதாபும் மாறியது. எங்கள் தெருவுக்குத் தபால் வரவில்லை.

பிப்ரவரி 10

"தானவியைப் பெண்ணியவாதி ஆக்கிவிட்டீர்கள்!"

ஆக்கவில்லை. பெண்களுக்கென்றே அவர் எழுதிய ஒழுக்க நூலைப் படித்தால், கணவனுக்கு அடங்கி நடப்பது பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. அவர் கவலை, பெண்கள் மதத்தை விட்டுப் போகிறார்கள் என்பது. பெண்ணின் உரிமை அவருக்கு இரண்டாவது. ஆனால் நோக்கத்தை வைத்து மட்டும் ஒரு மாற்றத்தை எடை போட எனக்கு மனம் வரவில்லை. உரிமை உரிமை என்று எழுதிய பலர் ஒரு பெண்ணையும் வெளியே கொண்டுவரவில்லை. இவர் கொண்டுவந்தார்.

இன்னொன்று. இவர் முதல் ஆளும் இல்லை. 1917இன் உஸ்மானிய (ஓட்டோமான்) பேரரசின் குடும்பச் சட்டம் இதே வேலையைச் செய்தது. எகிப்து 1920இலும் 1929இலும் செய்தது. ஹனஃபி நாடுகள் மாலிக்கி வீட்டில் கடன் வாங்கிய காலம் அது. புதிதாக யாரும் எதையும் படைக்கவில்லை. இருப்பதில் தேவையானதை எடுத்தார்கள். இதற்கு ஃபிக்ஹில் பெயரும் இருக்கிறது, தகய்யுர். "இதெல்லாம் இஜ்திஹாதா?" என்று கேட்டால், கண்டிப்பான ஆள் இல்லை என்பார். எனக்குக் கவலையில்லை.

பிப்ரவரி 13

கண்டியிலிருந்து எழுதுகிறவர் அப்துஹுவைத் தள்ளிவிட்டுப் பேசுகிறீர்களே என்று கோபித்திருக்கிறார். கண்டிக்காரர் கோபிப்பதற்குத் தனி உரிமை இருக்கிறது, சொல்கிறேன்.

1882இல் எகிப்தில் உராபி பாஷாவின் கிளர்ச்சி தோற்றது. அதில் சேர்ந்ததற்காக இரண்டு பேர் இரண்டு திசையில் நாடு கடத்தப்பட்டார்கள். உராபி 1883இல் கொழும்புக்கு வந்தார். அப்துஹு பெய்ரூத்துக்கும், பிறகு பாரிஸுக்கும் போனார். பாரிஸில் 1884இல் தன் ஆசான் ஜமாலுத்தீன் ஆப்கானியோடு சேர்ந்து அப்துஹு ஓர் இதழ் நடத்தினார், பதினெட்டு இதழ்களோடு நின்றது. இலங்கையில் உராபி, கண்டி வழக்கறிஞர் சித்தி லெப்பையோடு சேர்ந்து முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று பேசினார். சித்தி லெப்பை ஏற்கெனவே 1882 டிசம்பரிலிருந்து முஸ்லிம் நேசன் என்ற பத்திரிகையைத் தமிழில் நடத்திக்கொண்டிருந்தார். 1892இல் மருதானையில் தொடங்கிய பள்ளிதான் இன்றைய ஸாஹிரா கல்லூரி. பாரிஸ் இதழ் உலகப் புகழ் பெற்றது. மருதானைப் பள்ளி இன்றும் நடக்கிறது. எது பெரிய சீர்திருத்தம் என்று நான் சொல்ல மாட்டேன், சொன்னால் எகிப்துப் பிரியர்கள் அடிக்க வருவார்கள்.

அப்துஹுவிடம் எனக்குப் பிடித்தது அவருடைய பெரிய நூல்களைவிட 1903இன் டிரான்ஸ்வால் ஃபத்வா. அப்போது அவர் எகிப்தின் முஃப்தி. தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் முஸ்லிம்களுக்காக மூன்று கேள்விகள் வந்தன. ஐரோப்பியத் தொப்பி போடலாமா? கிறிஸ்தவர்கள் தங்கள் முறைப்படி அறுக்கிற இறைச்சியை உண்ணலாமா? ஷாஃபிகள் ஹனஃபி இமாமுக்குப் பின்னால் நின்று தொழலாமா? மூன்றுக்கும் அவர் இடம் கொடுத்தார். கெய்ரோ பத்திரிகைகளில் ரகளை, அதிலும் இறைச்சிக்கு.

எனக்கு மூன்றாவது கேள்விதான். காயல்பட்டினம், கீழக்கரை எல்லாம் ஷாஃபி ஊர்கள், எங்கள் பக்கம் ஹனஃபி. சிறுவனாக இருந்தபோது ஒரு கல்யாணத்துக்குக் காயல்பட்டினம் போய், சுபுஹு தொழுகையில் நின்றேன். இரண்டாவது ரக்அத்தில் குனிந்து (ருகூ) எழுந்ததும் பழக்கதோஷத்தில் நேராக சஜ்தாவுக்கு, நெற்றியைத் தரையில் வைக்க, விழுந்துவிட்டேன். மொத்தப் பள்ளிவாசலும் கையை உயர்த்திக் குனூத் என்ற பிரார்த்தனையை ஓதிக்கொண்டு நிற்கிறது, நான் மட்டும் தரையில். எழுவதா, அப்படியே கிடப்பதா? தொழுகை முடிந்ததும் பக்கத்தில் நின்ற பெரியவர் "எந்த ஊர் வாப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சிரித்தார். டிரான்ஸ்வால்காரர்கள் கெய்ரோவரை கடிதம் போட்ட சிக்கல் எங்களுக்கு ஒரு சிரிப்பில் முடிந்தது. எல்லா ஊரிலும் அப்படி முடிந்திருக்காது என்பதும் தெரியும்.

பிப்ரவரி 14

எதிர்பார்த்தது வந்துவிட்டது. "அப்படியானால் தவ்ஹீதுக்காரர்களும் சீர்திருத்தவாதிகள்தானே? தக்லீது (மத்ஹபை அப்படியே பின்பற்றுவது) வேண்டாம், குர்ஆன் ஹதீஸுக்குத் திரும்பு என்று அவர்களும்தான் சொல்கிறார்கள்."

ஆமாம். சங்கடமாக இருந்தாலும் ஆமாம். தமிழ்நாட்டில் 1980களுக்குப் பிறகு வரதட்சணைக்கு எதிராகப் பள்ளிவாசலுக்குள்ளேயே உரக்கப் பேசியதில் அவர்களுக்குப் பங்கு உண்டு. வரதட்சணை வாங்கிய கல்யாணத்தில் சாப்பிட மாட்டேன் என்று பந்தியிலிருந்து எழுந்து போன பையன்களை நானே பார்த்திருக்கிறேன். அதே பையன்கள் நாகூர் தர்காவுக்குப் போகிற என் அம்மாவை இணைவைப்பவள் என்றும் சொன்னார்கள். இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தது.

அப்துஹுவின் சீடப் பிள்ளைகளே இரண்டாகப் பிரிந்தவர்கள்தான். ரஷீத் ரிளா 1898இல் அல்மனார் இதழைத் தொடங்கி 1935இல் இறக்கும்வரை நடத்தினார், போகப் போக சவூதி பக்கம் சாய்ந்தார். அதே அப்துஹு மரபில் வந்த அலி அப்துர் ராஸிக், ஷரீஅத் நீதிமன்றத்தின் நீதிபதி. துருக்கி 1924 மார்ச்சில் கிலாஃபத்தை (கலீஃபா ஆட்சியை) ஒழித்த மறு ஆண்டே, கிலாஃபத் மார்க்கத்தின் பகுதியே இல்லை, நபியின் பணி அரசாட்சி இல்லை என்று ஒரு சிறு நூல் எழுதினார். கெய்ரோவின் அல்அஸ்ஹர் பல்கலைக்கழகம் அவருடைய ஆலிம் பட்டத்தைப் பறித்தது. பதவியும் போனது. அவரைக் கடுமையாகத் தாக்கியவர்களில் முன்வரிசையில் ரிளா. இரண்டு பேரும் தக்லீதை எதிர்த்தவர்கள், இரண்டு பேருக்கும் முன்னோடி ஒருவரே.

அதனால்தான் "சீர்திருத்தவாதி" என்ற பட்டத்தை நான் யாருக்கும் பாராட்டாகவும் கொடுப்பதில்லை, வசையாகவும் கொடுப்பதில்லை. பந்தியிலிருந்து எழுந்த பையனுக்கும் அது பொருந்தும்.

பிப்ரவரி 18

நான்கு நாளாக ஒன்று மண்டையில் ஓடுகிறது. பஞ்சாப் பெண்கள் பயன்படுத்திய அந்த விதி, மதம் மாறினால் நிக்காஹ் முறியும் என்பது, பிறகு எங்கே போனது?

இந்தியாவில் 1939 சட்டத்தின் நான்காம் பிரிவு அதை வெட்டியது. மணமான முஸ்லிம் பெண் இஸ்லாத்தைத் துறந்தால், அந்தக் காரணத்தால் மட்டும் திருமணம் முறியாது என்று எழுதிவிட்டார்கள்.

எகிப்தில் விதி அப்படியே இருந்தது. குடும்ப விஷயத்தில் சட்டம் எழுதாத இடங்களை ஹனஃபி மத்ஹபின் வலுவான கருத்தைக் கொண்டு நிரப்ப வேண்டும் என்பது அங்கே வழக்கம். அந்த இடைவெளியில்தான் நஸ்ர் ஹாமித் அபூஸைத் மாட்டினார்.

கெய்ரோ பல்கலைக்கழகத்தில் அரபுத் துறை ஆசிரியர். குர்ஆனை அது வந்த காலத்தின் மொழியோடும் பண்பாட்டோடும் வைத்துப் படிக்க வேண்டும் என்று எழுதினார். 1993இல் பேராசிரியர் பதவி உயர்வை மறுத்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். வெளியிலிருந்து சிலர் நீதிமன்றத்துக்குப் போய், இவர் மதம் துறந்தவர், ஆகவே முஸ்லிம் பெண்ணான இவர் மனைவியோடு வாழக்கூடாது என்று வழக்குப் போட்டார்கள். கணவன் கேட்கவில்லை, மனைவி கேட்கவில்லை, மூன்றாம் மனிதர்கள் கேட்டார்கள். கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 1995 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் திருமணத்தைப் பிரித்துத் தீர்ப்பளித்தது. அவரும் மனைவி இப்திஹால் யூனுஸும் நாட்டை விட்டுக் கிளம்பி நெதர்லாந்தின் லைடனுக்குப் போனார்கள். கணவன் மனைவியாகவே போனார்கள். 1996இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. 2010இல் அவர் கெய்ரோவில் இறந்தார்.

பஞ்சாபில் சேர்ந்து வாழ விரும்பாத பெண்ணுக்கு வெளியேறும் வழியாக இருந்த வரி, கெய்ரோவில் சேர்ந்து வாழ விரும்பியவர்களைப் பிரிக்கும் கத்தியானது. வரி மாறவில்லை. இதை எழுதிய பழைய ஃபகீஹுகள் (சட்ட அறிஞர்கள்) இரண்டில் எதையும் நினைத்திருக்க மாட்டார்கள்.

குர்ஆனை எப்படிப் படிப்பது என்று புதிதாக எழுதியவர்களைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். 1968இல் எதிர்ப்பு தாங்காமல் பாகிஸ்தானை விட்டு அமெரிக்கா போன ஃபஸ்லுர் ரஹ்மான். மதம் துறந்தவர் என்று சொல்லி 1985 ஜனவரி 18 அன்று கார்ட்டூமில் தூக்கிலிடப்பட்ட மஹ்மூத் முஹம்மது தாஹா. அவரைத் தூக்கிலிட்ட சூடான் அதிபர் நுமைரியின் ஆட்சி அதே ஏப்ரலில் கவிழ்ந்தது, மறு ஆண்டு சூடான் உச்ச நீதிமன்றம் தீர்ப்பையே செல்லாதென்றது, ஆள் திரும்பி வரவில்லை. இவர்களெல்லாம் பெரிய சிந்தனையாளர்கள், மறுக்கவில்லை. ஆனால் எகிப்தில் அபூஸைதின் புத்தகங்களுக்கு முன்னால், 1920களிலேயே அந்த ஒரு வரியை யாராவது முஃப்தி வெட்டியிருந்தால், அந்த வழக்கைப் போட இடமே இருந்திருக்காது. அதனால்தான் எனக்குத் தானவியின் மேசை முக்கியமாகப் படுகிறது.

பிப்ரவரி 19

"அப்படியானால் நான்காம் பிரிவு இங்கே அபூஸைதைக் காப்பாற்றியிருக்குமே?" என்று ஒருவர் கேட்கிறார். இல்லை, நான்காம் பிரிவு கணவனுக்குப் பொருந்தாது. கணவன் இஸ்லாத்தைத் துறந்தால் பழைய விதிதான். வேறு மதத்திலிருந்து முஸ்லிமாகி, மறுபடி தன் பழைய மதத்துக்கே திரும்புகிற பெண்ணுக்கும் அந்தப் பிரிவு பொருந்தாது, விலக்கு எழுதியிருக்கிறார்கள். அபூஸைத் இந்தியாவில் இருந்திருந்தால் தப்பியிருப்பார் என்று முடிவு கட்ட வேண்டாம். ஆனால் மூன்றாம் மனிதர் வழக்குப் போடுகிற ஹிஸ்பா வழி இங்கே இல்லை. எகிப்திலும் 1996இல் அதைச் சுருக்கி, அரசு வழக்குத் துறை வழியாக மட்டுமே என்றாக்கினார்கள். அபூஸைதுக்கு அது உதவவில்லை.

பிப்ரவரி 28

ரமலான் நோன்பு தொடங்குவது நாளைக்கா, நாளன்றைக்கா? எங்கள் குடும்ப வாட்ஸாப்பில் இப்போதே மூன்று கட்சி. சவூதிப் பிறை, தமிழ்நாட்டுப் பிறை, வானியல் கணக்கு போட்டுச் சொல்கிற கணக்குப் பிறை. அத்தாவின் காலத்தில் மொட்டை மாடியில் ஏறி நின்று பார்ப்பதோடு சரி.

இந்த இழையில் இதை எதற்குப் போடுகிறேன் என்றால், ஒலிபெருக்கி ஞாபகம் வந்தது. தொழுகையில் இமாம் ஒலிபெருக்கி வைத்தால் தொழுகை கூடாது என்று ஆரம்பத்தில் சொன்னவர்களில் நம்ம தானவியும் ஒருவர். அதில் வருவது இமாமின் சொந்தக் குரலா, எதிரொலியா என்பது பிரச்சினை. பிறகு அவருடைய சீடரான முஃப்தி முஹம்மது ஷஃபீ, அறிவியல் தெரிந்தவர்களிடம் விசாரித்து அந்தக் கருத்தை மாற்றினார். இன்றைக்கு ஒலிபெருக்கி இல்லாத பள்ளிவாசலைக் காட்டுங்கள். இதற்கு யாரும் சீர்திருத்தம் என்று பெயர் வைக்கவில்லை, மாநாடு போடவில்லை. கணக்குப் பிறையும் ஒருநாள் இப்படித்தான் சத்தமில்லாமல் வந்து உட்காரும் என்று நினைக்கிறேன். என் மச்சான் இதைப் படித்தால் நோன்புக் கஞ்சிக்குக் கூப்பிட மாட்டார்.

மார்ச் 6

நோன்பு ஆரம்பித்ததும் இழை தூங்கிவிட்டது. கேள்வி கேட்டவர் மட்டும் திரும்பி வந்திருக்கிறார்: "1939 சட்டம் ஆலிம்களின் வெற்றி என்கிறீர்கள். அப்படியானால் ஏன் ஆலிம்களே அதில் திருப்தியில்லை என்றார்கள்?"

சரியாகப் பிடித்தார். மசோதாவில் ஆலிம்கள் கேட்டது, இந்த வழக்குகளை முஸ்லிம் நீதிபதிதான் விசாரிக்க வேண்டும் என்று. ஃபிக்ஹுப்படி முஸ்லிம் அல்லாத நீதிபதி முறிக்கும் நிக்காஹ் முறியாது என்பது அவர்கள் நிலை. அந்தப் பிரிவைச் சட்டசபையில் எடுத்துவிட்டார்கள். பெண்ணுக்குக் காரணங்கள் கிடைத்தன, ஆலிம்களுக்கு மேசை கிடைக்கவில்லை.

அன்று முடியாத அந்தச் சண்டை இன்னும் நடக்கிறது. 1939 சட்டம் வந்ததால், நீதிமன்றத்துக்கு வெளியே பெண் தானாகக் கேட்டுப் பெறும் குல்உ போன்ற வழிகள் எல்லாம் போய்விட்டன என்று 1972இல் கேரள உயர்நீதிமன்றம் சொன்னது. 2021இல் அதே நீதிமன்றம் அதைத் தவறென்று சொல்லி, அந்த வழிகள் இன்னும் இருக்கின்றன என்றது. இரண்டு ஆண்டு கழித்து 2023இல் சென்னை உயர்நீதிமன்றம், ஷரீஅத் கவுன்சில் ஒன்று கொடுத்த குல்உ சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றத்துக்குப் போகச் சொல் என்றது. கண்டிக்காரர் பக்கமும் இதே தலைவலிதான்: அங்கே 1951இன் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி காதி (நம்ம காஜிதான்) நீதிமன்றங்களில் ஆண்கள் மட்டுமே காதியாகலாம். திருத்தம் சொல்ல 2009இல் அமைத்த சலீம் மர்சூஃப் குழு, 2018இல் இரண்டாகப் பிரிந்து இரண்டு விதமாக அறிக்கை கொடுத்தது.

என் பக்கம் எது என்று கேட்டால், குடும்ப நீதிமன்றம் என்பேன். திண்ணையிலேயே முடித்திருக்கலாம் என்று மேலே நானே எழுதினேன், தெரியும். முடித்திருக்கலாம் என்பது வேறு, முடிப்பார்கள் என்று நம்புவது வேறு. திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எங்கள் சொந்தக்காரர்கள்தான். ஒரு பெண் அவர்கள் முன் வந்து தன் கணவனைப் பற்றிப் பேசியிருக்கவே மாட்டாள். சப்கோர்ட்டு வராந்தாவில் முன்பின் தெரியாத குமாஸ்தாவிடம் பேசலாம். ஆனால் வழக்கு ஆறேழு ஆண்டு இழுக்கிற ஊரில், ஜமாஅத்துச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு மறுமணம் செய்கிற பெண்ணை நோக்கி "செல்லாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகவும் எனக்கு வாய் வரவில்லை. கேரளத் தீர்ப்பையும் சென்னைத் தீர்ப்பையும் முழுதாகப் படித்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். தராவீஹ் தொழுகைக்கு நேரமாகிவிட்டது.